43 வயதில் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சரா?

வணக்கம் தோழி. 43 வயது, லண்டனில் புது அலுவலக வேலை, 'மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடையில் உடை வாங்கினால் பாட்டி மாதிரி தெரிவேனோ' என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு 46. பயப்படாமல் போங்கள், ஆனால் கடை முழுக்கச் சுற்றாதீர்கள்.

1884இல் லீட்ஸ் சந்தையில் எதை எடுத்தாலும் ஒரு பென்னி (பிரிட்டிஷ் சில்லறைக் காசு) என்று விற்கும் கடையாகத் தொடங்கியது அது. அந்தப் பழமையால்தான் 'அம்மாக்களின் கடை' என்ற பெயர். அங்கே ஒரே கூரைக்குள் பல ரகம் உண்டு. 2001இல் வந்த 'பெர் யூனா' என்ற ரகத்தில் பூப்போட்ட பாவாடைகள், தொளதொள மேல்சட்டைகள். எனக்கு ஒத்து வரவில்லை. 'ஆட்டோகிராஃப்' என்ற ரகத்தின் பக்கம் போங்கள், விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் வெட்டு நேர்த்தியாக இருக்கும்.

முக்கியமாகக் கால்சட்டை. நான் ஐந்தடி ஒரு அங்குலம். வேறு கடையில் வாங்கினால் கால் பக்கம் நாலு விரற்கடை மடித்துத் தைக்க வேண்டும். இங்கே ஒரே இடுப்பளவிலேயே குட்டை, நடுத்தரம், நீளம் என்று கிடைக்கும். கறுப்பு நேர்கால் கால்சட்டை ஒன்று குட்டை அளவில் எடுத்தேன், கணுக்காலில் சரியாக நின்றது. மூன்று வருடமாக உழைக்கிறது.

அப்புறம், அங்கேயே பிரா அளவு எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குக் காசு வாங்குவதில்லை. நாற்பதுக்குப் பிறகு உடம்பு மாறுகிறது, நாம்தான் பழைய அளவையே பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

கார்டிகனை (முன்பக்கம் திறக்கும் கம்பளிச் சட்டை) மட்டும் இரண்டு முறை யோசித்து எடுங்கள். பாட்டி மாதிரித் தோற்றம் வருவது அங்கேதான்.