சவரக்கத்திப் பிடியின் உள்பக்கம்

அன்புள்ள அண்ணா,

தாத்தாவின் பழைய சோலிங்கன் (ஜெர்மனியில் கத்திகளுக்குப் பேர்போன ஊர்) சவரக்கத்தியைத் துரு நீக்கிச் சாணை பிடித்துவிட்டேன். செல்லுலாய்டு (பழங்காலப் பிளாஸ்டிக்) பிடி நொறுங்கிப் போயிருந்ததால், சில்வர் ஓக் மரத்தில், இரண்டு மெல்லிய பலகைகளுக்கு நடுவே கத்தி மடங்கி அடங்கும் புதுப்பிடி செய்து வெளியே வார்னிஷும் உள்ளே தேங்காய் எண்ணெயும் பூசினேன். ஐப்பசி மழையில் பிடி வளைந்துவிட்டது. மூடும்போது கத்தியின் கூர் மரத்தில் உரசுகிறது. ஈட்டி (ரோஸ்வுட்) மரத்தில் செய்தால் சரியாகுமா?

ஒரு வாசகர், கோத்தகிரி

அன்புள்ள தம்பி,

மரத்தைக் குறை சொல்லாதீர்கள். கோளாறு உள்பக்கத்தில் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் எத்தனை நாள் ஆனாலும் காய்ந்து இறுகாது, ஈரத்தையும் தடுக்காது. வடகிழக்குப் பருவமழையில் உள்முகம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் புடைத்திருக்கிறது. வார்னிஷ் பூசிய வெளிமுகம் அந்த அளவுக்கு விரியவில்லை. மூன்று மில்லிமீட்டர் பலகை, இரண்டு முகமும் இரண்டு விதமாக நடந்தால் வளையத்தானே செய்யும்?

எந்தப் பூச்சும் ஈரத்தை முழுக்க நிறுத்தாது, வேகத்தைத்தான் குறைக்கும். அது இரண்டு பக்கமும் ஒரே அளவில் குறைய வேண்டும். இரண்டு பலகையையும் சேர்த்து ஆணி அடித்த பிறகு உள்ளே உப்புத்தாளும் போகாது, துணியும் போகாது. அதனால் பூச்சு வேலை முழுவதையும் ஆணிக்கு முன்பே முடித்துவிடுங்கள். 400 நம்பர் தாள் வரை தேய்த்ததும் ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள். நார் சிலிர்த்து எழும். காய்ந்ததும் அதே தாளால் லேசாகத் தேய்த்தால் அடங்கிவிடும். அப்புறம் வார்னிஷில் டர்பன்டைன் கலந்து இளக்கி, உள்ளும் புறமும் மெல்லிசாக, ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த பூச்சு. மூடுபனி நாளில் அவசரப்படாதீர்கள். அரக்குப் பாலிஷ் பார்க்க அழகுதான், ஆனால் இதற்கு வேண்டாம்: தண்ணீர் பட்டால் வெளுக்கும், ஆஃப்டர்ஷேவில் உள்ள ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும்.

ஈட்டி நல்ல மரம், மறுக்கவில்லை. ஆனால் அதைக் காக்கவென்றே தமிழ்நாட்டில் 1990-களில் தனிச்சட்டம் வந்தது. எங்கிருந்து வெட்டியது என்று தெரியாத கட்டையைத் தொடாதீர்கள். ஈட்டியில் செய்த, உடைந்த பழைய நாற்காலிக் கால் கிடைத்தால் போதும். ஈட்டியின் எண்ணெய்ப்பசை வார்னிஷைக் காயவிடாது, முதலில் தின்னரால் துடைக்க வேண்டும். தூள் மூக்கையும் தோலையும் உறுத்தும், முகக்கவசம் அவசியம்.

என்னைக் கேட்டால் சில்வர் ஓக்கையே மறுபடி எடுங்கள். உங்கள் ஊர்த் தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் மரம், தாத்தாவின் கத்திக்கு அதைவிடப் பொருத்தமானது எது? வளையங்களுக்குக் குறுக்காக, நடுவிலிருந்து பட்டையை நோக்கி அறுத்த பலகையாகப் பாருங்கள். பலகையின் முகத்தில் மினுமினுப்பாகச் சிறு செதில் செதிலாகத் தெரியும். அப்படி அறுத்தது கோணுவதும் குறைவு. கீற்றாக அறுத்து வீட்டுக்குள் வைத்து, வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுங்கள். எடை இறங்குவது நின்ற பிறகுதான் உளி.

பிடியின் அடிமுனையில், இரண்டு பலகைக்கும் நடுவே வைக்கும் ஆப்பையும் கவனியுங்கள். ஒருபுறம் தடித்து மறுபுறம் மெலிந்திருக்க வேண்டும். மிகவும் மெலிந்தால் பலகைகள் நெருங்கி மறுபடி உரசும். பித்தளை ஆணியைச் சின்னச் சின்னத் தட்டாகத் தட்டுங்கள். ஓங்கி அடித்தால் மரம் பிளக்கும்.

இன்னொன்று. அந்தப் பழைய செல்லுலாய்டு துண்டுகள் கத்தி இருக்கும் பெட்டியிலேயே கிடந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். சிதையும் செல்லுலாய்டிலிருந்து கிளம்பும் அமில ஆவி, நீங்கள் துரு நீக்கிய எஃகை மறுபடி துருப்பிடிக்க வைக்கும். அடுப்புப் பக்கமும் கொண்டு போகாதீர்கள், சட்டென்று தீப்பிடிக்கும்.