பரணில் கிடந்த வைத்திய ஏடுகள்: நிதி கிடைக்குமா?

அண்ணாச்சி, அம்பாசமுத்திரத்து வீட்டுப் பரண்ல கிடைச்ச வைத்திய ஓலை ஏடுகளுக்கு வெளிநாட்டு நிதி வருமா, அதுவரை நல்லெண்ணெய் தடவி வைக்கலாமான்னு கேட்டிருக்கீங்க.

நல்லெண்ணெய் வேண்டவே வேண்டாம், பிசுக்குல தூசி அப்பிக்கும். எலுமிச்சைப்புல் தைலம்தான் வழக்கம், அதையும் கைபழகினவங்க பூசட்டும். ஒட்டின ஏட்டைப் பிய்க்காதீங்க, வரிசையைக் கலைக்காதீங்க. கடைசி ஏட்டைப் பாருங்க. நம்ம பக்கம் எழுதி முடிச்ச தேதியைக் கொல்லம் ஆண்டுல, அதாவது மலையாள ஆண்டுக் கணக்குல போட்டிருப்பாங்க. 825 கூட்டினா ஏறக்குறைய ஆங்கில வருஷம். விண்ணப்பத்துல வயசைக் காட்ட அந்த ஒரு வரி போதும்.

பிரிட்டிஷ் நூலகத்தோட 'என்டேஞ்சர்டு ஆர்கைவ்ஸ் புரோகிராம்', அழியுற நிலையில இருக்கிற பழைய ஆவணங்களைப் படமெடுத்துச் சேமிக்க 2004லேருந்து நிதி தருது. ஆனா தனியாளா கேட்க முடியாது, ஒரு நிறுவனம் கூட நிக்கணும். மூல ஏடு நாட்டை விட்டுப் போகாது. படங்கள் இணையத்துல பொதுவா வந்துரும். குடும்ப மருந்துமுறை வெளியே போறதுல பெரியவங்களுக்குச் சம்மதமான்னு முதல்ல கேட்டுக்கோங்க, பின்னால சண்டை வரும்.

பக்கத்துலேயே பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கே, முதல்ல அங்க பேசிப் பாருங்க. மத்திய அரசு 2003ல தொடங்கின சுவடித் திட்டம் இப்போ 'ஞான பாரதம்'னு நடக்கு, அதையும் விசாரிங்க.

ஏடுகளை விலைக்குக் கேட்டு யாராச்சும் வந்தா, கொடுக்காம திருப்பி அனுப்பிருங்க. 75 வருஷம் தாண்டின மதிப்புள்ள சுவடியைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972ஆம் வருஷச் சட்டம் விடாது.