கம்பளிப்புழு பத்து மாதம் எங்கே ஒளிந்திருக்கிறது?

கேள்வி: மானாவாரியில் மல்லாட்டை (நிலக்கடலை) பயிரிடுகிறேன். ஆடியில் சிவப்புக் கம்பளிப்புழு செடியை மொட்டையடித்துவிட்டது. மருந்தடித்தேன். மார்கழியில் தேடினாலும் ஒரு புழு இல்லை. ஆனாலும் மறு வருடம் மழை பெய்ததும் வந்துவிடுகிறது. பக்கத்து ஊரிலிருந்து வருகிறதா?
- ஒரு விவசாயி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: பக்கத்து நிலத்திலிருந்து ஊர்ந்து வருவதும் உண்டுதான். ஆனால் பெரும்பகுதி உங்கள் வரப்பிலேயே படுத்திருக்கிறது, ஐயா. தின்று முடித்த புழு, வரப்போரம், மரத்தடி போன்ற நிழலும் ஈரமும் உள்ள இடமாகப் பார்த்து 10 முதல் 20 செ.மீ. ஆழத்தில் கூட்டுப்புழுவாக மாறிவிடும். வளர்ச்சி நின்று, மூச்சும் குறைந்து, உடம்பில் சேர்த்த கொழுப்பைக் கொண்டே ஏறக்குறைய 10 மாதம் கிடக்கும். நீங்கள் இலைமேல் அடிக்கும் மருந்து அதை எட்டாது.

குளிர் நாடுகளில் பல பூச்சிகளுக்குப் பகல் குறுகுவதே உறக்கத்துக்கு அடையாளம். அங்கே இலைச்சாறு உறிஞ்சும் சிற்றுயிர்களான செஞ்சிலந்திப் பேன்களில் பெண் பேன் ஆரஞ்சு நிறமாகி, தின்பதையும் முட்டையிடுவதையும் நிறுத்திவிட்டு மரப்பட்டை இடுக்கில் பனிக்காலத்தைக் கழிக்கும். உங்கள் புழுவோ பனியையும் கோடையையும் சேர்த்தே தூங்கிக் கழிக்கிறது. அதை எழுப்புவது மழை. மண் நன்றாக நனைந்த சில நாட்களில் அந்துப்பூச்சிகள் கூட்டமாக வெளியே வரும். எல்லாம் ஒரே நேரத்தில் வருவதுதான் நமக்கு வாய்ப்பு.

ஆகவே முதல் வேலை கோடை உழவு. வரப்போரத்தையும் மரத்தடியையும் பலர் விட்டுவிடுகிறார்கள். புழு அதிகம் கிடப்பது அங்கேதான். மண்ணைப் புரட்டிப் போட்டால் மைனாவும் காக்கையும் பொறுக்கிக்கொள்ளும், மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும்.

மழை பெய்த அன்றிலிருந்தே இரவு 7 முதல் 11 மணி வரை விளக்குப்பொறி வையுங்கள். ஒரு தாய்ப்பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். ஒன்றைப் பிடித்தாலும் லாபம். தட்டைப்பயறோ ஆமணக்கோ ஊடே விதைத்திருந்தால் முட்டைக் குவியலும் இளம்புழுக்களும் அவற்றின் இலைகளில் சேரும். இலையோடு கிள்ளி அழியுங்கள்.

மருந்து தேவைப்பட்டால் இளம்புழுவாக இருக்கும்போதே தெளியுங்கள். முடி அடர்ந்து வளர்ந்த புழுவுக்குச் செலவழிப்பது வீண். அது வயல் விட்டு வயல் நகரத் தொடங்கினால், ஓரத்தில் ஓரடி ஆழத்துக்குச் செங்குத்தாகப் பள்ளம் வெட்டி, விழுவதைக் கொன்றுவிடுங்கள். தப்பிப்பவைதான் அடுத்த வருடத்துக்கு மண்ணுக்குள் இறங்கும்.