ஒன்று கத்தினால் எல்லாம் கத்தும்: ஸ்மோக் அலாரம் கேள்வி பதில்

பிரிஸ்பேனில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் விற்கும், வாடகைக்கு விடும் வீடுகளுக்கு 2022 ஜனவரி 1 முதல் ஒன்றோடொன்று இணைந்த ஸ்மோக் அலாரம் கட்டாயம். சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கு 2027 ஜனவரி 1 வரை கெடு. அதனால் நம்மவர்களிடமிருந்து கேள்விகள் குவிகின்றன. கம்பி இல்லாமல் ரேடியோ சிக்னலால் இணையும் வயர்லெஸ் அலாரம் பற்றியவை இங்கே.

அண்ணா, ராத்திரி இரண்டு மணிக்கு ஆறு அலாரமும் சேர்ந்து கத்தின. புகையே இல்லை. எது கிளப்பிவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் வீடு முழுக்க ஒரு சுற்று சுற்றி, உண்மையிலேயே புகை இல்லை என்று பாருங்கள். அப்புறம் அலாரங்களின் சின்ன சிவப்பு விளக்கைக் கவனியுங்கள். பெரும்பாலான மாடல்களில் தொடங்கிவைத்தது மட்டும் வேகமாக மின்னும். மற்றவை வெறுமனே கூடச் சேர்ந்து கத்தும். சத்தத்தை அடக்கிவிட்டால் இந்தத் தடயம் போய்விடலாம், அதனால் விளக்கைப் பார்த்த பிறகே பட்டனில் கை வையுங்கள்.

ஆளைப் பிடித்தாயிற்றா? பத்தில் ஏழெட்டுத் தடவை உள்ளே பூச்சிதான் என்பது என் அனுபவம். ஒளியை வைத்துப் புகையைக் கண்டுபிடிக்கும் இந்த வகை அலாரத்துக்குள் ஒரு சின்ன இருட்டறை உண்டு. உள்ளே ஓர் ஒளிக்கதிர் ஓடும். புகை வந்தால் அது சிதறும், சென்சார் அதைப் பார்த்துவிடும். குட்டிச் சிலந்தி நுழைந்தாலும் அதேபோல் சிதறும். அலாரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். வாக்யூம் கிளீனரில் மெல்லிய பிரஷ் மாட்டி ஓரத்துத் துவாரங்களில் சுற்றி இழுங்கள். ஈரத்துணி, பூச்சி மருந்து ஸ்பிரே இரண்டும் கூடாது. சுத்தம் செய்த பிறகும் அதே அலாரம் மறுபடி கத்தினால் அதை மாற்றிவிடுங்கள்.

நிமிடத்துக்கு ஒருமுறை "பீப்" என்கிறது. அதுவும் விடியற்காலையில்தான். பகலில் சத்தமே இல்லை.

பேட்டரி தீர்கிறது. விடியற்காலைக் குளிரில் பேட்டரி வோல்டேஜ் கொஞ்சம் இறங்கும், அப்போது எச்சரிக்கும். வெயில் ஏறியதும் வாயை மூடிக்கொள்ளும். பத்து வருட லித்தியம் பேட்டரி உள்ளேயே அடைத்து வருவதால் பேட்டரியை மட்டும் மாற்ற முடியாது, முழு அலாரத்தையும்தான் மாற்ற வேண்டும். பின்பக்கம் தயாரித்த தேதி இருக்கும். பத்து வருடக் கணக்கு அந்தத் தேதியிலிருந்து, நீங்கள் மாட்டிய நாளிலிருந்து அல்ல.

ஒரு விஷயம் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். என் வீட்டில் ஒரு ராத்திரி ஏணியோடு அறை அறையாக அலைந்தேன். கடைசியில் கத்தியது, நானே கழற்றி மேஜை டிராயரில் போட்டிருந்த பழைய அலாரம்.

ஹாலில் உள்ளதை டெஸ்ட் பண்ணினேன், எல்லாம் கத்தின. போதும்தானே?

போதாது. ஹால் அலாரம் அனுப்புகிறது, மற்றவை கேட்கின்றன என்பது மட்டுமே இதில் தெரிந்தது. கடைசிப் படுக்கையறையில் உள்ளது அனுப்பினால் ஹாலுக்குக் கேட்குமா? தெரியாது. ஒவ்வொன்றாகப் பட்டனை அழுத்துங்கள், ஒவ்வொரு தடவையும் மற்ற எல்லாம் கத்துகின்றனவா என்று வீட்டில் யாரையாவது நிறுத்திக் கேட்கச் சொல்லுங்கள். சிக்னல் போய்ச்சேரச் சில விநாடி ஆகும், அவசரப்பட்டுக் கையை எடுக்காதீர்கள். கதவுகளைச் சாத்திவைத்துச் செய்யுங்கள், ராத்திரி அப்படித்தானே தூங்குகிறோம். கான்கிரீட் சுவர், அலுமினியம் தாள் ஒட்டிய இன்சுலேஷன், இரும்பு அலமாரி எல்லாம் சிக்னலைத் தின்னும்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டாலே அலறுகிறது தம்பி. பை போட்டு மூடலாமா?

வேண்டாம் அக்கா, மூடியதை எடுக்க மறந்துபோகும். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, ஹஷ் பட்டனை (சத்தத்தைத் தற்காலிகமாக அடக்குவது) அழுத்துங்கள்; சில நிமிடம் சும்மா இருந்து, தானே பழைய நிலைக்கு வந்துவிடும். தாளிக்கும்போது கத்தினால் அது அடுப்புக்கு மிக அருகில் இருக்கிறது. இங்கே சட்டம் கேட்பது படுக்கையறைகள், அவற்றை இணைக்கும் நடைபாதை, ஒவ்வொரு மாடி. சமையலறைக்குள் மாட்டச் சொல்லவில்லை. இடம் மாற்றும்போது கூரையும் சுவரும் சேரும் மூலையிலிருந்து 300 மில்லிமீட்டரும், ஃபேன் இறக்கையிலிருந்து 400 மில்லிமீட்டரும் விட்டுவிடுங்கள். பேட்டரி அலாரத்தை நீங்களே மாட்டலாம். வீட்டு மின்சாரத்தில் ஓடும் 240 வோல்ட் அலாரம் என்றால் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான்.

ஒன்று பழுதானதால் வேறு பிராண்ட் வாங்கி மாட்டினேன். மற்றவற்றோடு சேரவில்லை.

பொதுவாகச் சேராது. ஒவ்வொரு நிறுவனமும் தன் பாஷையில் பேசுகிறது. அதே பிராண்ட், பொருந்தும் மாடல் வாங்கி, கையேட்டில் உள்ளபடி மறுபடி இணையுங்கள்.

இத்தனை செலவு எதற்கு? நடுவில் ஒன்று போதாதா?

2011 ஆகஸ்டில் லோகன் நகரத்தின் ஸ்லாக்ஸ் க்ரீக்கில் ஒரு வீடு எரிந்து 11 பேர் இறந்தார்கள். அதன் மரண விசாரணைப் பரிந்துரைகளைத் தொடர்ந்து வந்ததுதான் இந்தச் சட்டம். கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் குழந்தைக்கு, வீட்டின் மறுகோடியில் கத்தும் ஒற்றை அலாரம் கேட்காமல் போகலாம்.

வாடகை வீடு. யார் பார்த்துக்கொள்வது?

ஒப்பந்தம் தொடங்குவதற்கோ புதுப்பிப்பதற்கோ முந்தைய 30 நாளுக்குள் டெஸ்ட் செய்து சுத்தம் செய்து தர வேண்டியது வீட்டுக்காரர். குடியிருக்கும்போது 12 மாதத்துக்கு ஒருமுறையாவது நீங்கள் செய்ய வேண்டும். வேலை செய்யவில்லை என்றால் உடனே அவருக்கோ ஏஜென்டுக்கோ எழுத்தில் தெரிவியுங்கள்.