ஆர்ப்பாநெட் முதல் இணையம் வரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (கல்லூரி மாணவர்): ஐயா, அணு ஆயுதப் போர் மூண்டாலும் அறுந்துபோகாத தகவல் தொடர்பு வேண்டும் என்றுதான் அமெரிக்க ராணுவம் இணையத்தை உருவாக்கியதாகப் படித்தேன். இது சரியா?

பதில்: தனித்தனியான இரண்டு செய்திகளை ஒன்றாக முடிச்சுப் போட்டதால் பரவிய கருத்து இது. அமெரிக்காவின் ரேண்ட் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய பால் பேரன், தாக்குதலில் சில நிலையங்கள் அழிந்தாலும் எஞ்சியவற்றின் வழியே செய்தி போய்ச் சேரும் அமைப்பை ஆராய்ந்து, 1964இல் அதை விரிவான அறிக்கைகளாக வெளியிட்டார். இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் என்ற கணினிப் பிணையத்துக்குப் பணம் ஒதுக்கிய ஆர்ப்பா என்ற ஆய்வு அமைப்பும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்ததுதான். சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதற்கு அடுத்த ஆண்டு, 1958இல், அது தொடங்கப்பட்டது. ஆனால் 1966இல் அதன் கணினிப் பிரிவுக்குத் தலைவராக இருந்த பாப் டெய்லரை உறுத்தியது போர் அச்சம் அன்று. பென்டகனில் அவருடைய அலுவலகத்தை ஒட்டி தொலைவில் உள்ள கணினியை இயக்கும் கருவிகளான முனையங்கள் மூன்று இருந்தன; ஒன்று எம்ஐடி கல்வி நிறுவனத்திலும், மற்றொன்று பெர்க்லியிலும், இன்னொன்று சாண்டா மோனிகாவிலும் இருந்த கணினிகளுக்கு உரியவை. ஒவ்வொன்றுக்கும் கட்டளைகள் வேறு. ஓர் ஊர்க்காரரோடு தொடர்பில் இருக்கும்போது அடுத்த ஊர்க்காரரிடம் எதையாவது கேட்க வேண்டுமென்றால், எழுந்து சென்று வேறொரு முனையத்தின் முன் உட்கார வேண்டும். ஒரே முனையத்திலிருந்து எல்லாக் கணினிகளையும் எட்ட முடிந்தால், விலை மிகுந்த அந்தக் கணினிகளை ஆய்வாளர்கள் பகிர்ந்துகொள்ளலாம் என்பதே ஆர்ப்பாநெட்டை அமைக்க அவர் முன்வைத்த காரணம்.

கேள்வி (பள்ளி ஆசிரியை): முதன்முதலில் அனுப்பப்பட்ட செய்தி எது? மாணவர்களுக்குச் சொல்வதற்காகக் கேட்கிறேன்.

பதில்: 1969 அக்டோபர் 29ஆம் நாள் இரவு பத்தரை மணிக்கு, லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மாணவர் சார்லி கிளைன், ஆர்ப்பாநெட் வழியே ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தின் கணினிக்குள் நுழைவதற்காக 'லாகின்' (login) என்ற சொல்லைத் தட்டத் தொடங்கினார். மறுமுனையில் பில் டுவால் இருந்தார். ஒவ்வோர் எழுத்தும் வந்து சேர்ந்ததா என்று இருவரும் தொலைபேசியில் பேசி உறுதிசெய்துகொண்டார்கள். 'எல்' சேர்ந்தது, 'ஓ' சேர்ந்தது. 'ஜி' தட்டியதும் ஸ்டான்ஃபோர்டின் கணினி செயலிழந்தது. ஆக, முதல் செய்தி 'எல்ஓ' என்ற இரண்டு எழுத்துகளே. எஞ்சிய எழுத்துகளைத் தானே நிரப்பித் திருப்பியனுப்பும் வசதி அந்தக் கணினியில் இருந்தது. ஒரே நேரத்தில் பல எழுத்துகள் வரும் என்று எதிர்பாராமல் எழுதப்பட்டிருந்த நிரல் அதைத் தாங்கவில்லை. சுமார் ஒரு மணி நேரத்தில் பிழையைத் திருத்தி, இணைப்பை முழுமையாக ஏற்படுத்தினார்கள். இணைப்பு கிடைத்த செய்தி அன்றைய பதிவேட்டில் ஒரே வரியில் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த ஆண்டு இறுதிக்குள் சாண்டா பார்பராவும் யூட்டாவும் சேர, நிலையங்கள் நான்காயின.

கேள்வி (மென்பொருள் துறையில் பணிபுரிபவர்): அப்படியானால் இணையத்தின் பிறந்த நாள் 1969 அக்டோபர் 29 என்று சொல்லிவிடலாமா?

பதில்: நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அன்று பிறந்தது ஒரு பிணையம். இணையம் என்பதோ ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பல பிணையங்கள் சேர்ந்து இயங்கும் ஏற்பாடு. இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால் வரலாற்றின் மிகக் கடினமான பகுதியே கண்ணில் படாமல் போய்விடும்.

1970களின் தொடக்கத்தில் ஆர்ப்பாவிடம் தொலைபேசிக் கம்பி வழியே இயங்கும் ஆர்ப்பாநெட் தவிர, வானொலி அலை, செயற்கைக்கோள் ஆகியவற்றின் வழியே இயங்கும் பிணையங்களும் உருவாகி வந்தன. இவற்றில் செய்திகள் சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டே அனுப்பப்படும்; அந்தத் துண்டுகளைப் பொட்டலங்கள் என்பார்கள். ஒவ்வொன்றிலும் பொட்டலத்தின் அளவு வேறு, வேகம் வேறு, வழியில் தொலைந்துபோகும் அளவும் வேறு. கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான விதிகளை நெறிமுறை என்பார்கள். ஆர்ப்பாநெட்டின் பழைய நெறிமுறையான என்சிபியோ, அனுப்பியது போய்ச் சேர்வதைப் பிணையமே பார்த்துக்கொள்ளும் என்று நம்பி எழுதப்பட்டது. கணினி அறிஞர்களான பாப் கானும் விண்ட் செர்ஃபும் 1974 மே மாதம் வெளியிட்ட கட்டுரையில் அந்த நம்பிக்கையைக் கைவிட்டார்கள். எந்தப் பிணையமும் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டு பிணையங்களுக்கு நடுவே ஒரு நுழைவாயில் கணினி நின்று, உறைக்குள் இருக்கும் கடிதத்தைப் பிரிக்காமல் முகவரியை மட்டும் பார்த்து அனுப்பும் அஞ்சல்காரரைப் போலப் பொட்டலங்களைக் கடத்தினால் போதும். தொலைந்ததைக் கண்டறிந்து மீண்டும் அனுப்புவது இரு முனைகளிலும் உள்ள கணினிகளின் பொறுப்பு. பிரான்சில் லூயி பூசான் உருவாக்கிய சிக்லாட் பிணையத்தில் இந்தச் சிந்தனை முன்பே வேர்விட்டிருந்தது. அவர் பெயர் பலரும் அறியாமல் கிடப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

1977 நவம்பர் 22ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோ பகுதியின் நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த வேனிலிருந்து புறப்பட்ட பொட்டலங்கள், வானொலிப் பிணையம், ஆர்ப்பாநெட், அட்லாண்டிக் கடந்த செயற்கைக்கோள் பிணையம் ஆகிய மூன்றையும் கடந்து ஐரோப்பா சென்று, மீண்டும் கலிஃபோர்னியாவுக்கே திரும்பின. பிறகு 1983 ஜனவரி 1ஆம் நாள் ஆர்ப்பாநெட் முழுவதும் என்சிபியை விட்டு, கானும் செர்ஃபும் காட்டிய வழியில் உருவான டிசிபி/ஐபி என்ற நெறிமுறைக்கு மாறியது. ஒரு நாளைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால், நான் அந்த நாளைத்தான் சொல்வேன்.

கேள்வி (இல்லத்தரசி): மின்னஞ்சல் இதற்குப் பிறகு வந்ததா?

பதில்: இல்லை, அம்மா, முன்பே வந்துவிட்டது. 1971இல் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர், ஒரே அறையில் அருகருகே இருந்த இரண்டு கணினிகளுக்கு இடையில், ஆர்ப்பாநெட் வழியாக அதை அனுப்பிப் பார்த்தார். ஆள் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிப்பதற்கு '@' குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே.

கேள்வி (ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்): இணையத்தைக் கண்டுபிடித்தவர் டிம் பெர்னர்ஸ்-லீ என்று என் பேரன் சொல்கிறான்.

பதில்: அவர் படைத்தது இணையம் அன்று; இணைப்புகளைச் சொடுக்கிப் பக்கம் பக்கமாகப் படிக்க உதவும் வைய விரிவு வலை (www). ஜெனீவா அருகில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் 1989 மார்ச் மாதம் அதற்கான திட்டத்தை எழுதிக் கொடுத்தார். மின்னஞ்சலைப் போலவே வலையும் இணையத்தின் மீது இயங்கும் ஒரு சேவை. 1993 ஏப்ரல் 30ஆம் நாள், வலையின் மென்பொருளை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. அது இவ்வளவு விரைவாகப் பரவியதற்கு அந்த அறிவிப்பு பெரிய காரணம்.

கேள்வி (அதே வாசகர்): நம் நாட்டுக்கு எப்போது வந்தது?

பதில்: பொதுமக்களுக்கு 1995 ஆகஸ்டு 15ஆம் நாள், அப்போது அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமாக இருந்த விஎஸ்என்எல் வழியாக. ஆய்வு நிறுவனங்களுக்கு அதற்கு முன்பே கிடைத்துவிட்டது. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 1986இல் தொடங்கிய, கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கான பிணையமான எர்நெட் திட்டத்தில் சென்னை ஐஐடியும் ஓர் உறுப்பு. ஆகவே தமிழ்நாட்டின் இணைய வரலாற்றை எழுத விரும்புகிறவர்கள் அந்த வளாகத்திலிருந்து தொடங்குவதே முறை.