11 பேருக்கு ஒரே வேனா, இரண்டு வண்டியா?

கேள்வி: அப்பா, அம்மா, அண்ணன், நான், தங்கை என மூன்று குடும்பங்கள், 4, 6, 9 வயதில் மூன்று பிள்ளைகள், மொத்தம் 11 பேர். மே மாத நடுவில் நியூசிலாந்து தென்தீவுக்கு 9 நாள் போகிறோம். கிறைஸ்ட்சர்ச்சில் வண்டி எடுத்து குயின்ஸ்டவுனில் விட்டுவிடத் திட்டம். அண்ணனும் நானும் ஓட்டுவோம். இரண்டு 8 சீட்டர்களைவிட ஒரு 12 சீட்டர் வேன் வாடகை குறைவாக இருக்கிறது. வேனையே எடுத்துவிடலாமா? 'முழுக் காப்பீடு' என்று போட்டிருப்பதை நம்பலாமா?
- கோவை வாசகர்

பதில்: 12 சீட்டர் வேனை அங்கே சாதாரண கார் உரிமத்திலேயே ஓட்டலாம். நம்மூர் போலவே இடது பக்கம்தான். ஆனால் 11 பேர் ஏறி உட்கார்ந்த பிறகு 11 பேரின் பெரிய பெட்டிகளை எங்கே வைப்பீர்கள்? பலர் டிரெய்லர் மாட்டிக்கொள்கிறார்கள். அதற்குத் தனி வாடகை, வேக வரம்பும் 100லிருந்து 90 கிலோமீட்டராகக் குறையும். டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுத்துப் பழக்கமில்லாதவர் ஒரு மோட்டல் வாசலில் படும் பாடு இருக்கிறதே!

நான் இரண்டு 8 சீட்டர்களைத்தான் சொல்வேன். ஐந்தாறு பேர் உட்கார்ந்து, மீதி சீட்டை மடக்கிப் பெட்டியை அடுக்கலாம். பெரியவர்களுக்கு முதுகு வலித்தால் ஒரு வண்டி அறைக்குத் திரும்பிவிடலாம். தங்கை வீட்டுக்காரர் பெயரையும் ஓட்டுநராகச் சேர்த்துவிடுங்கள். பெயர் பதியாதவர் ஓட்டி இடித்தால் காப்பீடு கைவிரித்துவிடும்.

வாடகையை ஒப்பிடும்போது டீசலா பெட்ரோலா என்று பாருங்கள். நியூசிலாந்தில் டீசல் பங்க்கில் மலிவு. காரணம், அதற்கான சாலை வரியைக் கிலோமீட்டர் கணக்கில் தனியாக வசூலிக்கிறார்கள். பல நிறுவனங்கள் அதை வண்டியைத் திருப்பித் தரும்போதுதான் பில்லில் ஏற்றும். வேன்கள் பெரும்பாலும் டீசல். வேறு ஊரில் விடுவதற்கான கட்டணமும் இருக்கலாம்.

இப்போது காப்பீடு. 'முழு' என்ற சொல்லை விடுங்கள், 'எக்ஸஸ்' எவ்வளவு என்று கேளுங்கள். சேதமானால் நம் கையிலிருந்து போகும் தொகை அது. சில ஆயிரம் டாலர்கூட இருக்கும். இரண்டு வண்டி என்றால் இரண்டு எக்ஸஸ். கண்ணாடி, டயர், அடிப்பாகம் சேருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். எனக்கு ஒருமுறை லாரி தெறித்த கல்லில் முன்கண்ணாடியில் கொத்தமல்லி விதை அளவு பொட்டு விழுந்தது. கவுண்டரில் 'எல்லாம் கவர்' என்றவர், ஒப்பந்தத்தில் கண்ணாடி விலக்கு என்ற வரியை விரலால் தொட்டுக் காட்டினார். அந்த வரிக்குக் கீழே என் கையெழுத்து! வண்டி எடுத்ததும் கூரை, டயர், கண்ணாடி எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். குயின்ஸ்டவுன் பக்கத்தில் ஸ்கிப்பர்ஸ் என்ற குறுகிய மலைச்சாலைக்குப் போனால் வாடகை வண்டிக் காப்பீடு செல்லாது.

பிணைத்தொகையை முதன்மை ஓட்டுநர் பெயரில் உள்ள கிரெடிட் கார்டில்தான் பெரும்பாலும் நிறுத்திவைப்பார்கள். ஃபாரெக்ஸ் கார்டை நம்பிப் போகாதீர்கள். கார்டு வரம்பை முன்கூட்டியே உயர்த்திக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அச்சான உங்கள் உரிமமே போதும். நிறுவனம் கேட்டால் மட்டும் ஆர்டிஓவில் சர்வதேச அனுமதி வாங்கலாம், கட்டணம் 1,000 ரூபாய்.

7 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்குச் சைல்டு சீட் கட்டாயம், ஆகவே உங்களுக்கு இரண்டு. இப்போதே பதிவு செய்யுங்கள்.

மலைகளுக்கு நடுவே கடல் புகுந்திருக்கும் மில்ஃபோர்டு சவுண்டைப் பார்க்க ஆசையா? குயின்ஸ்டவுனிலிருந்து அது சுமார் 290 கிலோமீட்டர், போக மட்டுமே நாலு மணி நேரம். மே மாதத்தில் மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும், பனி விழுந்தால் டயர் சங்கிலியும் வேண்டும். அந்த ஒரு நாள் பஸ்ஸில் போய் வாருங்கள். இல்லை, ஓட்டியே தீருவேன் என்றால் வழியிலுள்ள டெ அனாவ் ஊரில் இரவு தங்கி, டாங்கியை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும்: அம்மா கட்டித் தரும் பருப்புப் பொடி, ஊறுகாய் எல்லாவற்றையும் வந்திறங்கும் படிவத்தில் 'உணவு உண்டு' என்று குறித்துவிடுங்கள். அதிகாரி எடுத்துப் போட்டாலும் நஷ்டம் ஒரு டப்பாதான். சொல்லாமல் மாட்டினால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.