காட்டுப் பொருட்களை விற்று ஒரு கிராமக் குடும்பம் பிழைக்க முடியுமா?

அதை மட்டுமே நம்பினால் கஷ்டம்தான். ஆனால் அது இல்லாமலும் முடியாது. சத்தியமங்கலத்துக்கு மேலே கடம்பூர் மலையில் சில வருடம் வாத்தியாராக இருந்தேன். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன்.

ராகி அறுத்து முடித்தால், அடுத்த மழை வரும்வரை மானாவாரி நிலத்தில் வேலை கிடையாது. காட்டுக் காசு சரியாக அந்த இடைவெளியில்தான் வரும். மார்கழி, தையில் நெல்லிக்காய். தையிலிருந்து சீமாறு புல், கடுக்காய், பூந்திக்கொட்டை, புளி. சித்திரை, வைகாசியில் மலைத்தேன். பிள்ளைகளின் நோட்டு, பஸ் செலவு, விதை, மளிகைக் கடன் எல்லாம் இதில்தான் தீரும். விற்காத பொருளும் உண்டு: சுள்ளி, கீரை, கிழங்கு. அதையெல்லாம் காசு கொடுத்து வாங்குவதென்றால் வீடு தாங்காது. 24 நாடுகளில் ஏறக்குறைய 8,000 குடும்பங்களிடம் கணக்கெடுத்து 2014-ல் வந்த ஆய்வு ஒன்றில், மொத்த வருமானத்தில் 28 விழுக்காடு, பயிரிடாமல் இயற்கையிலிருந்து தானாகக் கிடைப்பதாகவும், அதில் முக்கால் பங்குக்கு மேல் இயற்கைக் காடுகள் தருவதாகவும் தெரிந்தது. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை.

சீமாறு புல் என்று சொன்னாலும் அது புல் இல்லை; துடைப்பம் கட்ட உதவும் குட்டை ஈச்ச மரத்தின் ஓலை. அடியில் முள் இருக்கும். என் மாணவன் ஒருவனின் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து அதைத் தட்டி, நீளம் பார்த்துப் பிரித்து, கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். விரல் முழுக்கக் கீறல். "இந்தக் கட்டு என்ன விலைக்குப் போகும் பாட்டி?" என்றேன்.

"இதை ஆடியிலேயே வாங்கித் தின்னாச்சுங்க வாத்தியாரே" என்றார்.

ஆடியில் வீட்டில் தானியம் தீர்ந்திருக்கும். வியாபாரி அப்போதே முன்பணம் கொடுத்துவிடுவார். தையில் தராசும் அவருடையது, விலையும் அவர் சொல்வது. காட்டில் பொருள் குறைந்ததைவிட இந்த முன்பணம்தான் அந்த வீடுகளை அதிகம் அடித்தது என்பேன். (உண்ணிச்செடி மண்டிச் சீமாறு குறைந்ததும் உண்மைதான்.)

சட்டம் அவர்கள் பக்கம் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டப்படி, வழிவழியாகச் சேகரித்துவரும் சிறு வனப்பொருட்கள் அவர்களுக்கே சொந்தம், எடுக்கலாம், விற்கலாம். 2012-ல் விதிகளைத் திருத்தியபோது, வெளியே கொண்டுபோகும் அனுமதிச் சீட்டைக் கிராம சபையின் குழுவே கொடுக்கலாம் என்றும் ஆனது. ஆனால் ஆடி மாத அரிசிக்குச் சட்டம் வழி சொல்லவில்லை.

அதற்கு வழி கண்டது அந்த ஊர் மகளிர் குழு. ஒரு வருடம் ஆடியில் குழுச் சேமிப்பிலிருந்தே வீட்டுக்கு வீடு கைமாற்று கொடுத்தார்கள். அந்தத் தையில் யாரும் யாருக்கும் கட்டுப்பட்டிருக்கவில்லை. சீமாறைத் துடைப்பமாகவே கட்டி, பஸ் மேலே ஏற்றி, சத்தியமங்கலம் சந்தைக்குக் கொண்டுபோனார்கள். பாட்டியும் போனார். நான் கேட்ட கேள்விக்கு அன்று சாயங்காலம்தான் பதில் கிடைத்தது. கட்டு என்ன விலைக்குப் போனது என்று, இறங்கியதும் அவரே வந்து சொன்னார்.